நீரில் பிறந்த சிறகு

நுழையும்முன்

தட்டானை வானத்துக்குரிய உயிராகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், அதன் வாழ்நாளின் பெரும்பகுதி நீருக்கடியிலேயே கழிகிறது. சிறகு முளைக்குமுன் அது எங்கே இருந்தது, எதை உண்டது, எவ்வாறு மூச்சுவிட்டது என்பவற்றை அறியும்போதுதான் ஊர்க்குளத்துக்கும் அதற்கும் உள்ள உறவு புலப்படும். அந்த உறவை எடுத்துரைப்பதே இக்கட்டுரை.

மழைக்கு முன் வரும் விருந்து

புரட்டாசி மாதத்துப் பிற்பகல்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னரே, தமிழகத்து வயல்வெளிகள் மீதும் பள்ளி விளையாட்டுத் திடல்கள் மீதும் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பறந்து திரியும். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது ஊர்ப்பெரியவர்கள் வாக்கு. அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவதும், காலருகே சிறு கல்லைக் கொடுத்துத் தூக்கச் செய்வதும் சிற்றூர்ச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த விளையாட்டு. தட்டானுக்குக் கொடுக்கு இல்லை, அது கொட்டுவதில்லை. அதனால்தான் அச்சமின்றிச் சிறுவர் கைகள் அதை நாடின. விளையாட்டு சிறுவர்க்கு, வேதனை தட்டானுக்கு.

தட்டான், தட்டாரப்பூச்சி, தும்பி என வட்டாரத்துக்கு ஒரு பெயர் இதற்கு உண்டு. சங்க இலக்கியத்தில் தும்பி என்னும் சொல் பூக்களில் தேன் தேடும் வண்டினத்தைக் குறித்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் விளித்துப் பேசுவது அந்தத் தும்பியையே. இன்று மலையாளத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் அச்சொல் தட்டானைக் குறிக்கிறது. தட்டானோ பூவை நாடுவதில்லை, தேனையும் அறியாது. அது முழுமையான ஊனுண்ணி. டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் யோகான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ் 1793ஆம் ஆண்டில் இவ்வினத்துக்கு ‘ஒடொனேட்டா’ என்று பெயரிட்டார். பல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வலிய தாடைகளே இவ்வினத்தின் அடையாளமாக அவருக்குத் தோன்றின.

இவ்வினத்தில் இரு பெரும்பிரிவுகள் உண்டு. அமரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்து வைப்பது தட்டான். மெலிந்த உடலும் விலகி நிற்கும் கண்களும் கொண்டு, அமரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் மடக்கி வைப்பது ஊசித்தட்டான். உலகில் அறியப்பட்ட வகைகள் ஆறாயிரத்துக்கும் மேல். இந்தியாவில் ஏறத்தாழ ஐந்நூறு. இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவானது ஒன்றுண்டு. அவற்றின் தொட்டில் நீர்.

சேற்றில் பதுங்கிய வேடன்

பெண் தட்டான் நீர்ப்பரப்பின்மேல் தாழப் பறந்து, வால்நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். தட்டான் என்னும் பெயர் இக்காட்சிக்கு எவ்வளவு பொருந்துகிறது! ஊசித்தட்டான்களும் சில பெருந்தட்டான்களும் நீர்ச்செடிகளின் தண்டைக் கீறி அதனுள் முட்டைகளைச் செருகுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிக்குச் சிறகில்லை, வண்ணமில்லை. சேற்றின் நிறத்தில், ஆறு கால்களுடன், குளத்தின் அடியில் அது வாழத் தொடங்குகிறது. வானில் ஒளிரும் தட்டானையும் இந்தச் சேற்றுநிற உயிரியையும் அருகருகே வைத்துக் காட்டினால், இரண்டும் ஒன்றே என்று ஒருவரும் நம்பமாட்டார்.

இந்த இளவுயிரி தேர்ந்த வேடன். அதன் கீழுதடு ஒரு வியப்பான கருவி. கைபோல் நீண்டு, நடுவில் மடங்கி, தலைக்கும் மார்புக்கும் அடியில் முகமூடிபோல் ஒட்டிக் கிடக்கும் அவ்வுதட்டின் நுனியில் கூரிய இடுக்கிகள் உள்ளன. இளவுயிரி அசையாமல் காத்திருக்கும். கொசுவின் புழுவோ, சிறு தலைப்பிரட்டையோ, மீன்குஞ்சோ எல்லைக்குள் வந்தால், மடங்கிய உதடு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முன்பாய்ந்து, இரையைப் பற்றி வாய்க்குக் கொண்டுவந்துவிடும். உடலுக்குள் எழும் நீரழுத்தமே இப்பாய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. நாணை இழுத்து வைத்த வில்லைப்போல, தசைகள் சேர்த்து வைத்த விசை மூட்டுகளில் தேங்கி நின்று, தாழ் விடுபட்டதும் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது என்பதை அவர்கள் காட்டினர்.

வேட்டையாடும் இவ்வுயிரியே வேட்டைக்கும் இலக்காகிறது. மீன்களும் தவளைகளும் நீர்ப்பறவைகளும் அதை உண்கின்றன. பெரிய இளவுயிரி சிறியதை உண்பதும் உண்டு. ஒரு தட்டான் இடும் நூற்றுக்கணக்கான முட்டைகளிலிருந்து சிறகடையும் வரை பிழைப்பவை மிகச் சிலவே.

மூச்சே விசையாக

தட்டானின் இளவுயிரி மூச்சுவிடும் முறை உயிரியல் பயிலும் மாணவரை வியக்க வைக்கும். மீனுக்குச் செவுள்கள் தலையருகே உள்ளன. இதற்கோ அவை மலக்குடலின் உள்ளே அமைந்துள்ளன. வயிற்றை விரித்துப் பின்துளை வழியாக நீரை உள்ளிழுத்து, உட்சுவரில் உள்ள செவுள் மடிப்புகளின் வழியே அந்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பெற்று, மீண்டும் நீரை வெளியேற்றுகிறது.

பகை நெருங்கும் வேளையில் இதே உறுப்பு வேறொரு பணியையும் செய்கிறது. வயிற்றுத் தசைகளைச் சட்டென இறுக்கி, உள்ளிருக்கும் நீரை விசையுடன் பின்னோக்கிப் பீய்ச்சுகிறது. நீர் பின்னே செல்ல, உடல் முன்னே பாய்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. விண்ணில் ஏவப்படும் ஏவூர்தியின் தத்துவத்தைக் குளத்தடிச் சேற்றில் ஒரு பூச்சி கையாண்டுகொண்டிருக்கிறது.

ஊசித்தட்டானின் இளவுயிரிக்கு வால்நுனியில் மூன்று மெல்லிய இலை போன்ற உறுப்புகள் உள்ளன. அவை மூச்சுக்கும் நீந்துவதற்கும் துணைசெய்கின்றன. குளத்துநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்ப்போர், இந்த மூன்று இலைகளைக் கொண்டே இருவகை இளவுயிரிகளையும் பிரித்தறியலாம்.

தோல் களையும் இரவு

பூச்சியின் புறத்தோல் விரிந்து கொடுக்காது. ஆகவே, வளர வேண்டுமாயின் பழைய தோலைக் களைந்தாக வேண்டும். தட்டானின் இளவுயிரி ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் உடல் சற்றுப் பெரிதாகிறது; முதுகில் சிறகுறைகள் அரும்பி நீள்கின்றன. நீர்நிலையில் கழியும் இப்பருவம் சில வகைகளில் ஓரிரு மாதங்களில் முடியும். குளிர்நாட்டு வகைகள் சிலவற்றில் ஐந்து ஆண்டுகளையும் கடக்கும். சிறகடைந்தபின் வாழும் நாள்களோ பெரும்பாலும் சில வாரங்களே.

வண்ணத்துப்பூச்சியைப்போலக் கூட்டுப்புழுவாகி உறங்கும் பருவம் தட்டானுக்கு இல்லை. கடைசித் தோலுரிப்புக்கான வேளை வந்ததும், இளவுயிரி இரவிலோ விடியலிலோ நாணல் தண்டொன்றைப் பற்றி நீரைவிட்டு மேலேறுகிறது. அதுவரை நீரில் மூச்சுவிட்ட உயிர் காற்றில் மூச்சுவிடத் தொடங்குகிறது. மார்பின் முதுகுப்புறத்தில் தோல் பிளக்கிறது. தலையும் மார்பும் கால்களும் வெளிவருகின்றன. கால்கள் உறுதிபெறும் வரை பல வகைகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னர் மேலெழுந்து பழைய தோலையே பற்றிக்கொண்டு வயிற்றை உருவிக்கொள்கின்றன. கசங்கிய துணிபோல் இருக்கும் சிறகுகளுக்குள் உடல்நீர்மம் செலுத்தப்பட, அவை மெல்ல விரிந்து விறைக்கின்றன.

இந்த ஒன்றிரண்டு மணி நேரமே தட்டானின் வாழ்வில் மிகவும் இடர்மிக்க பொழுது. அதனால் ஓடவும் இயலாது, பறக்கவும் இயலாது. எறும்பு, பல்லி, பறவை எதுவும் அதை எளிதில் வீழ்த்திவிடும். பலத்த காற்றடித்தாலும் ஈரச்சிறகு மடிந்து என்றைக்கும் பயனற்றுப் போகும். இவற்றையெல்லாம் கடந்து எழும் தட்டான் காலை வெயிலில் பறந்து செல்கிறது. நாணலில் அதன் வெறுந்தோல் மட்டும் பற்றிய பிடி விடாமல் நிற்கிறது. முதுகுப் பிளவில் வெண்ணிற நூலிழைகள் சில தொங்குவதைக் காணலாம். அவை மூச்சுக்குழல்களின் உட்தோல். குளக்கரையில் இத்தகைய தோலுறைகளைக் காண்பவர், அக்குளம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உறுதி கொள்ளலாம்.

கண்ணும் சிறகும்

தட்டானின் தலையில் பெரும்பகுதி கண்களே. ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் பெருந்தட்டான்களுக்கு முப்பதாயிரம் வரை கண்ணலகுகள் உண்டு. முன்னும் மேலும் பக்கமும் ஒருசேரக் காண அவை உதவுகின்றன. நான்கு சிறகுகளையும் தனித்தனியே இயக்க வல்லது அது. பல பூச்சிகளில் பறப்புத் தசைகள் மார்புக்கூட்டை அசைத்து, அதன் வழியாகச் சிறகை அசைக்கின்றன. தட்டானிலோ தசைகள் சிறகின் அடியிலேயே நேராகப் பொருந்தியுள்ளன. ஆகவே, அது நின்ற இடத்தில் மிதக்கும், பின்னோக்கிப் பறக்கும், சட்டெனத் திசை மாறும்.

சிறகின் நுனியருகே சிறிய கருநிறப் பொட்டு ஒன்றைக் காணலாம். சிறகின் பிற பகுதிகளைவிடக் கனமான அப்பொட்டு, வேகமாக மிதந்து செல்லும்போது சிறகு துடித்து அதிராதபடி காக்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் நோர்பெர்க் 1972ஆம் ஆண்டில் இதை விளக்கினார்.

கால்கள் ஆறும் முன்னோக்கி அமைந்து, முட்கள் நிறைந்து, பறக்கும்போது ஒரு கூடைபோலக் குவிகின்றன. அக்கூடையில் கொசுவும் ஈயும் அந்துப்பூச்சியும் அகப்படுகின்றன. இரையைத் துரத்திச் செல்லாமல், அது சென்றடையப்போகும் இடத்தைக் கணித்து அங்கே சென்று மறிப்பது தட்டானின் முறை. ஆய்வுகளில் அதன் பத்து முயற்சிகளில் ஒன்பதுக்கும் மேல் வெற்றி பெற்றிருக்கின்றன. புலிக்கும் சிங்கத்துக்கும் வாய்க்காத வெற்றி இது.

தெரியுமா?

ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டானின் உறவினமான ‘மெகாநியூரா’ என்னும் பூச்சி வாழ்ந்தது. அதன் சிறகு விரிப்பு 65 சென்டிமீட்டருக்கும் மேல். பிரான்சு நாட்டின் கொமெந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் அதன் புதைபடிவம் கிடைத்தது. 1885ஆம் ஆண்டில் சார்லஸ் பிராஞ்ஞியார் அதற்குப் பெயரிட்டு விளக்கினார். டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே இவ்வினம் வானில் பறந்துகொண்டிருந்தது.

கடல் கடக்கும் தட்டான்

புரட்டாசி வானில் திரளும் மஞ்சள்நிறத் தட்டான்களில் பெரும்பாலானவை ‘பன்டாலா பிளேவசென்ஸ்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. நான்கரை சென்டிமீட்டர் நீளமும் அரைக் கிராமுக்குக் குறைந்த எடையும் உடைய எளிய பூச்சி அது. ஆனால், பூச்சிகளிலேயே மிகப் பெரும் பயணி என்று அதைச் சொல்லலாம்.

மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் ஒரு புதிரைக் கவனித்தார். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் அத்தீவுகளில் தட்டான்கள் இலட்சக்கணக்கில் வந்திறங்கின. பவளத்தீவுகளான அங்கே, தட்டான் பெருகுவதற்குரிய நன்னீர்நிலைகள் இல்லையென்றே சொல்லலாம். அருகிலுள்ள பெருநிலமோ பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வாறாயின் அவை எங்கிருந்து வந்தன? ஆண்டர்சன் பல ஆண்டுகள் வருகை நாள்களைக் குறித்துவைத்து ஒப்பிட்டார். முதலில் தென்னிந்தியாவிலும், பின்னர் மாலேயிலும், அதன்பின் தெற்குத் தீவுகளிலும் அவை தோன்றுவதைக் கண்டார். இந்தியாவிலிருந்து புறப்படும் தட்டான்கள், பருவக்காற்றின் உயர்ந்த அடுக்குகளில் ஏறி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவை அடைகின்றன என்றும், அவற்றின் வழித்தோன்றல்கள் தென்மேற்குப் பருவக்காற்றோடு மீள்கின்றன என்றும் 2009ஆம் ஆண்டில் அவர் எழுதினார். போக்கும் வரவும் சேர்ந்து 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணிப்பு. எந்த ஒரு தட்டானும் இப்பயணத்தை முழுமையாகச் செய்வதில்லை. நான்கு தலைமுறைகள் கைமாற்றிக்கொள்ளும் நெடும்பயணம் அது.

இத்தட்டான் மழையைத் தொடர்ந்து செல்வதற்குக் காரணம் அதன் பிள்ளைப்பருவம். புதுமழையில் தேங்கும் குட்டைகளையே அது முட்டையிடத் தேர்கிறது. அக்குட்டைகளில் மீன்கள் இரா. ஆதலால் இளவுயிரிக்குப் பகை குறைவு. ஆனால், குட்டை விரைவில் வற்றிவிடும். அதற்குள் வளர்ந்தாக வேண்டும். ஆகவே, பிற தட்டான்களுக்குப் பல மாதங்கள் தேவைப்படும் வளர்ச்சியை இது ஆறு முதல் ஒன்பது வாரங்களில் முடித்துக்கொள்கிறது. குட்டை காய்வதற்குள் சிறகு முளைத்து, அடுத்த மழை பெய்யும் நிலத்தை நாடிச் செல்கிறது. தட்டானையும் மழையையும் இணைத்துப் பேசிய ஊர்ப்பெரியவர்களின் பட்டறிவுக்குப் பின்னால் இவ்வளவு நெடிய கதை இருக்கிறது.

பயணத்தின் தொடக்கம் எங்கே என்பதைச் சிறகே சொன்னது. மழைநீரில் உள்ள ஹைட்ரஜனில் எடை மிகுந்த அணுக்களின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுபடும். இளவுயிரி வாழ்ந்த நீரின் அவ்விகிதம் அதன் உடலில் சேர்ந்து, சிறகு உருவாகும்போது அதில் நிலைத்துவிடுகிறது. பின்னர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்தாலும் அது மாறுவதில்லை. மாலத்தீவில் பிடிபட்ட தட்டான்களின் சிறகுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அவை இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியில் பிறந்தவை என்று 2012ஆம் ஆண்டில் அறிவித்தனர். பிறந்த குட்டையின் முகவரியைத் தட்டான் தன் சிறகிலேயே சுமந்து செல்கிறது.

ஒளியை நம்பும் உயிர்

வானில் பறக்கும் தட்டானுக்கு நீர் இருக்கும் இடம் எவ்வாறு தெரிகிறது? நீர்ப்பரப்பில் பட்டு எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு அடைகிறது. அதாவது, ஒளி அலைகள் பெரும்பாலும் கிடைமட்டத்தில் அதிர்கின்றன. மனிதக் கண்ணுக்கு அவ்வேறுபாடு புலப்படாது. தட்டானின் கண்ணுக்குப் புலப்படும். கிடைமட்டமாக அதிரும் ஒளி எங்கிருந்து வருகிறதோ அங்கே நீர் உண்டு என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதற்குப் பொய்க்காத அறிவு.

அந்த அறிவு இன்று பொய்க்கத் தொடங்கியிருக்கிறது. ஹங்கேரி நாட்டு அறிவியலாளர் காபோர் ஹோர்வாத்தும் அவருடைய குழுவினரும் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருநிறக் கச்சா எண்ணெய் தேங்கிய குட்டைகள், தூய நீரைவிட மிகுதியாகத் தட்டான்களை ஈர்த்தன. எண்ணெய்ப் பரப்பு நீரைவிட வலுவாக ஒளியைத் தளவிளைவு அடையச் செய்வதே காரணம். நீரென நம்பி இறங்கியவை எண்ணெயில் ஒட்டி மாண்டன. மெருகேற்றிய கருங்கல் கல்லறைகளையும் தட்டான்கள் நீரென மயங்குவதை 2007ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்காட்டினர். பளபளப்பான மகிழுந்துகளின் கூரைகளும் விரிக்கப்பட்ட நெகிழித் தாள்களும் இவ்வாறே ஏமாற்றுகின்றன. வெயிலில் காயும் மகிழுந்தின் முகப்பைத் தட்டான் தன் வாலால் தட்டித் தட்டிச் செல்வதைத் தமிழக நகரங்களில் எவரும் காணலாம். அது விளையாட்டன்று. நீரில் சேர வேண்டிய முட்டைகளை அது சூடேறிய இரும்பின்மேல் இட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் அவ்விடத்திலேயே ஒரு தாங்கலோ குட்டையோ இருந்திருக்கலாம். நிலத்தின் பெயர் மாறியதும் பட்டா மாறியதும் தட்டானுக்குத் தெரியாது. ஒளியை மட்டுமே அது நம்புகிறது.

வயலுக்கும் வீட்டுக்கும் துணை

நீர் நிற்கும் நெல்வயல் தட்டானுக்கு ஏற்ற வாழிடம். சிறகடைந்த தட்டான்கள் குருத்துப்பூச்சியின் அந்துகளை வானில் பிடிக்கின்றன. ஊசித்தட்டான்கள் நெற்பயிரின் இடையே புகுந்து தத்துப்பூச்சிகளைக் கவர்கின்றன. நஞ்சு தெளிக்கும்போது, பயிரை அழிக்கும் பூச்சியோடு அதைக் காத்துவரும் பூச்சியும் மடிகிறது. தீமை செய்வது விரைவில் மீண்டும் பெருகிவிடும். மெதுவாக வளரும் தட்டானால் அவ்வாறு பெருக இயலாது.

கொசுவைப் பொறுத்தவரை தட்டான் இருமுறை பகை. நீருக்குள் கொசுப்புழுவை உண்கிறது. நீருக்கு வெளியே கொசுவை உண்கிறது. மியான்மர் நாட்டின் யாங்கூன் நகரில், வீடுகளில் நீர் சேமிக்கும் தொட்டிகளில் தட்டானின் இளவுயிரிகளை விட்டு, டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுவைக் கட்டுப்படுத்தும் முயற்சி மக்களின் பங்கேற்புடன் நடைபெற்றது. 1990ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகள் கொசுக்கள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. அதற்குப் பயன்பட்ட செந்நிறத் தட்டான் வகை தமிழகத்துக் குளங்களிலும் வாழ்கிறது. தட்டான் ஒன்றே கொசுவை ஒழித்துவிடும் என்று எண்ணுவது மிகை. எனினும், தட்டான் வாழ இயலாத சாக்கடை நீரில் கொசு தடையின்றிப் பெருகுகிறது என்பது எல்லாரும் கண்டறிந்த உண்மை.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தட்டான்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் எஃப். சி. ஃபிரேசர். படைத்துறை மருத்துவராகப் பணியாற்றிய அவர், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைகளில் விரிவாகத் தேடித் தொகுத்தார். ‘பிரித்தானிய இந்திய விலங்கினம்’ என்னும் நூல்வரிசையில் தட்டான்கள் குறித்து அவர் எழுதிய மூன்று தொகுதிகள் 1933 முதல் 1936 வரை வெளிவந்தன. இன்றைய ஆய்வாளர்களும் அவற்றையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

குட்டைக்கும் ஓர் உரிமை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021ஆம் ஆண்டில் உலகத் தட்டான் இனங்கள் அனைத்தையும் முதன்முறையாக மதிப்பிட்டது. ஆய்வுக்கு உட்பட்ட 6,016 வகைகளில் 16 விழுக்காடு அழியும் இடரில் உள்ளன. சதுப்புநிலங்களும் ஆறுகளும் தூர்வதும் மாசுறுவதுமே முதன்மைக் காரணங்கள்.

நீரைத் தேக்குவதில் தமிழ்மக்கள் நுட்பம் மிகுந்தவர்கள். ஏரி, கண்மாய், குளம், ஊருணி, தாங்கல், ஏந்தல், குட்டை என அளவுக்கும் பயனுக்கும் ஏற்பத் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். மனிதர் குடிக்க ஒன்று, பயிருக்கு ஒன்று, கால்நடைக்கு ஒன்று எனப் பிரித்தும் வைத்தார்கள். பெரிய ஏரிகள் தூர்ந்தால் ஊரே பேசும். மழைக்காலத்தில் மட்டும் நிறைந்து கோடையில் வற்றும் சிறு குட்டை காணாமற்போனால் கேட்பார் இல்லை. ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் பள்ளம் பயனற்ற நிலமாகவே கணக்கில் வருகிறது. ஆனால், கடல் கடக்கும் தட்டானின் பிறப்பிடம் அந்த இரண்டு மாதத்துக் குட்டைதான். அங்கே நீர் நிற்கும் நாற்பது, ஐம்பது நாள்களே ஒரு தலைமுறையின் முழு இளமை.

தட்டானைக் காக்கத் தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கரையின் புற்களையும் நாணல்களையும் முற்றாக மழித்துவிடாமல் இருந்தால், அது ஏறிச் சிறகு விரிக்க ஒரு தண்டு கிடைக்கும். குளத்தின் சரிவுகளை எல்லாப் பக்கமும் சிமெண்டுத் தளமாக்காமல் இருந்தால், அது பதுங்கச் சேறு கிடைக்கும். கழிவுநீர் கலவாதிருந்தால், அது மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்கும். குளத்தைக் குளமாக விட்டுவைப்பதே போதும்.

வரும் புரட்டாசியிலும் தட்டான்கள் தாழப் பறக்கும். அவற்றின் சிறகுகளில் எங்கோ ஒரு வயலின், ஏதோ ஒரு குட்டையின் நீர் எழுதிய குறிப்பு இருக்கும். அவை முட்டையிடத் தேடி இறங்கும்போது, பளபளக்கும் பரப்பு நீராகவே இருக்க வேண்டும். அதை உறுதிசெய்யும் பொறுப்பு அக்குளங்களின் கரையில் வாழ்வோருடையது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாத குளம், குட்டைகளின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, அவை மறைந்த காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. அருகிலுள்ள நீர்நிலையின் கரையில் தட்டானின் தோலுறைகள் உள்ளனவா எனப் பார்த்து, கண்டவற்றை நாள், இடம் குறிப்பிட்டுப் பதிவு செய்க.

3. பூச்சிகள், பறவைகள் ஆகியவற்றின் நடத்தையைக் கொண்டு மழையை அறியும் வட்டார வழக்குகளைத் திரட்டி, அவற்றின் பின்னுள்ள அறிவியலை ஆராய்ந்து எழுதுக.

4. ‘பயனற்ற நிலம்’ என்னும் தலைப்பில், ஒரு மழைக்காலக் குட்டை தன் கதையைத் தானே கூறுவதாகக் கட்டுரை வரைக.